நிலவறைத் தண்ணீர்

ஜப்பான்காரன் காலத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அவன் மேல் மட்டுமல்ல, என் மேலும்தான்.

மலாய் நாட்டில், காஜா பேராங்கில் நாங்கள் குடியிருந்த வீட்டு வரிசைக்கு மேலே மேட்டில் ஒரு ஜப்பான் அதிகாரியின் பங்களா. குண்டு விழுந்தால் அவன் ஒளிந்துகொள்ள எங்களை வைத்தே ஒரு நிலவறை வெட்டினான். ஒரு புயல்மழையில் அது கழுத்தளவு நிரம்பிவிட்டது. இறைக்கவும் எங்களைத்தான் பிடித்துப் போனார்கள். முடியும்வரை வீட்டுக்குப் போகக் கூடாதென்று உத்தரவு.

இருவர் எதிரெதிரே நின்று ஏற்றி இறக்கும் கைப் பம்பு. எனக்கு எதிரே, பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டிக்காரர் ஒருவர். தண்ணீரை அதிகாரியின் பூந்தோட்டத்துப் பக்கம் விடலாமா? ஆகாதாம். குழாயைச் சரிவில் போட்டார்கள். சரிவில் இருந்தது என் மரவள்ளி. அரிசி கண்ணில் படாத அந்நாளில், நிறைமாதமாய்க் காய்ச்சலில் கிடந்த என் மனைவிக்கு அதுதான் சோறு. வெள்ளம் புகாதபடி சுற்றிலும் வரப்பு கட்டி அதைக் காப்பாற்றியிருந்தேன். பெரிய கெட்டிக்காரன்! பம்புத் தண்ணீர் மேலிருந்து உள்ளே கொட்டியது. வெளியேற விடாமல் என் வரப்பே அதைத் தேக்கி வைத்தது.

வேலை வாங்கிய கிராணி, அதாவது குமாஸ்தா, தமிழன்தான். "ஐயா, பத்து நிமிஷம் விடுங்க. வரப்ப வெட்டிட்டு ஓடியாந்துடறேன்" என்று கெஞ்சினேன்.

"வாய மூடிட்டு பம்ப அடி. கைய விட்டா அறை விழும்."

முன்னோர் தமிழரானாலும் செட்டிக்காரருக்குத் தமிழ் வராது; வீட்டிலும் மலாய்தான். ஆனால் என் முகம் புரிந்தது. போ, நான் தனியாக இழுக்கிறேன் என்று மலாயில் சொன்னார். அந்த மனிதர் எனக்காக அறை வாங்கத் தயாராக இருந்தார். நான் போகவில்லை. மூன்று நாள், என் தோட்டம் முழுகுவதைப் பார்த்துக்கொண்டே பம்பு அடித்தேன்.

தரை தெரிந்ததும் அதிகாரி இறங்கிப் பார்த்துத் தலையாட்டினான். எல்லோரும் குனிந்து வணங்கினோம். நானும் குனிந்தேன். தூ!

ஓடிப்போய்க் கிழங்கைப் பிடுங்கினேன். கையோடு கூழாக வந்தது. நாற்றம் வேறு.

"நடுவுல ஒருதரம் வந்திருக்கலாமேங்க?" என்றாள் மனைவி.

"வந்தா அறை விழுந்திருக்கும்."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"கன்னத்துலதானே விழுந்திருக்கும்" என்றாள்.