மஞ்சள் குளிசையும் வெள்ளைக் குளிசையும்

அக்காவின் கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழும். சீக்கிரத்தில் மேலே வராது. இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வெள்ளைக்காரத் துரை இருந்த காலம் அது. இருதயம் பலவீனமாகி உடம்பில் நீர் தங்குகிறது என்றார் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். முழு டாக்டர் இல்லைதான், ஆனாலும் எங்களுக்கு அவர் டாக்டரையா.

விழுங்குகிற மாத்திரையாக இரண்டு வகைக் குளிசை தந்தார். "வெள்ளை, நீரை இறக்கும். நீரோட உடம்பில இருக்கிற சத்தும் போகும். அதுக்குத்தான் மஞ்சள். ரெண்டையும் விடக்கூடாது. விளங்குதோ?" அக்காவுக்கு முந்திக்கொண்டு நான்தான் "விளங்குதுங்க" என்றேன். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கையெழுத்துப் போடத் தெரிந்த ஒரே பெண் நான். விளங்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வெள்ளைக் குளிசையால் வீக்கம் வற்றியது. ஆனால் கொழுந்து எடுக்கும்போது அக்கா அடிக்கடி கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தேயிலைச் செடிகளுக்குப் பின்னால் ஓட வேண்டியிருந்தது. "என்னா, இன்னிக்கு எத்தன தடவ சாமி கும்புடப் போற?" என்று கங்காணி எல்லாருக்கும் கேட்கக் கத்துவார். அக்கா குறுகிப்போவாள். என்னிடம் மட்டும் சிரிப்பாள். ஒருநாள் காதருகே வந்து, "அடியே, ஒண்ணுக்கு மஞ்சமஞ்சளாப் போகுதுடி. ரெண்டு புள்ள பெத்தவளுக்கு மறுபடி மஞ்சத்தண்ணி சடங்காம்!" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. நீரோடு சத்தும் போகும் என்று ஐயா சொன்னது நினைவுக்கு வந்தது. மஞ்சள் குளிசையின் சத்தை வெள்ளைக் குளிசை அப்படியே வெளியே தள்ளுகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். "வெள்ளைய நிப்பாட்டுக்கா. மஞ்சள மட்டும் போடு, சத்து உள்ள தங்கட்டும்."

"ஐயாவ ஒரு வார்த்த கேப்பமா?"

"எனக்குத் தெரியாதா?" என்றேன். கங்காணியின் வாயிலிருந்து தப்பினால் போதும் என்று அவளும் இருந்துவிட்டாள்.

முகம் உப்பியது. சதை பிடிக்கிறது என்று நான் பூரித்துப்போனேன். பிறகு அவளால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்தே மூச்சு வாங்கினாள். ஒரு காலை, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் ஆள் கூடும் நேரம், ஐயாவைக் கூட்டி வந்தேன். வெள்ளைக் குளிசை எங்கே என்றார். சேர்த்துவைத்திருந்த டப்பாவைத் திறந்து காட்டினேன், பெருமையாகத்தான். காரணமும் சொன்னேன். வாசலுக்கு அழைத்துப்போய் மெதுவாகச் சொன்னார்: "மஞ்சளாப் போறது பிழையில்லை, பிள்ளை. மஞ்சள் குளிசையின்ர நிறம் அது. உடம்பு எடுத்த மிச்சம்தான் போகுது."

கொழுந்து லொறியில் சாக்கு விரித்து அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஐயாவும் ஏறிக்கொண்டார். மூச்சை இழுத்து இழுத்து அக்கா அவரிடம் சொன்னாள்: "எந்தங்கச்சிதாங்க... பாத்துக்கிட்டா. அவ இல்லாட்டி... அந்தச் சத்தும் போயிருக்கும்." ஐயா என்னைப் பார்க்கவில்லை. "ஓம், நல்லாத்தான் பார்த்திருக்கிறா" என்றார்.

அக்கா மறுநாள் போய்விட்டாள். இருதய நோய் என்று சொல்லி எல்லாரும் அழுதார்கள். ஐயா அதற்கு மேல் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. லொறியில் அவர் சொன்ன அந்த ஒரு பொய்யை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் நான் தோட்டத்தில் தலைநிமிர்ந்து நடந்தேன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி நான்தான் சொல்ல வேண்டும்.