வளைக்கக் கூடாத கூட்டம்

எங்கள் கடற்கரை ஊரான ஆலங்குடாவில் ஒருவன் அடுத்தவன் கயிற்றைத் திருடியிருந்தால் இரண்டு நாள் ஏசிவிட்டு மன்னித்துவிடுவார்கள். மீன் கூட்டத்தைக் கண்டும் மறைத்தவனை மன்னிக்கமாட்டார்கள். சூடை என்ற சிறு மீன்களின் கூட்டத்தை முதலில் காணும் வள்ளம், துடுப்பின் நுனியில் ஒரு துணியைக் கட்டி உயர்த்த வேண்டும். மற்ற வள்ளங்கள் விரைந்து வந்து அந்தக் கூட்டத்தை வளைக்கும். வலை சிறியவனுக்கும் அதில் பங்கு உண்டு. இந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்த என் வாப்பாவை இக்கரையின் வள்ளங்களுக்குள் ஒருவராகச் சேர்த்துக்கொண்டதும் இதே வழக்கம்தான்.

ஆனாலும் அதை நான் மீறினேன். மீறியதற்காக வருந்தவில்லை.

டொல்பின் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கியபோது துணியின் இடத்துக்குச் செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட் வந்தது. மற்ற எதுவும் மாறவில்லை. முதலில் காண்பவர் துடுப்பை உயர்த்துவார்; எல்லோரும் பாய்ந்து வருவார்கள்; சூடையை வளைத்த கைகள் டொல்பினையும் வளைக்கும். இதைக் கொடுமை என்று எழுதிவிட்டுப் போகும் வெளியூர்க்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கண்டால் அழைப்பது, அழைத்தால் வளைப்பது: இதைத்தான் எங்கள் ஆட்களுக்குக் கடல் பழக்கியிருந்தது. பிழை அவர்களுடைய மனத்தில் இல்லை, பழக்கத்தில் இருந்தது. பழக்கம் என்பதற்காக ஒரு பிழை சிறிதாகிவிடுவதும் இல்லை.

பட்டம் முடித்து, வேலைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த மூன்று சுற்றுலாப் பருவங்களாக நான் என் அண்ணனான நானாவின் வள்ளத்தில் போய்வந்தேன். அவர் எஞ்சினைப் பார்த்துக்கொள்வார். வருகிறவர்களோடு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கதைப்பது என் வேலை. பெண்பிள்ளை வள்ளம் ஏறுவதைப் பற்றி ஊரில் கதைத்தவர்களுக்கு நானா ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "நீங்க வெள்ளக்காரனோட கதைச்சிக் காட்டுங்க, அவள நான் எறக்கி விடுறன்."

பெப்ரவரி மாதக் காலையொன்றில் பதினான்கு வள்ளங்கள் ஒரே கூட்டத்தை வளைத்தன. நான் எண்ணினேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் எஞ்சின் சத்தமும் புகையும். டொல்பின்கள் இரண்டாகப் பிரிந்து வள்ளங்களுக்கு அடியால் வெளியேறின. ஒரு குட்டி மட்டும் உள்ளே அகப்பட்டு, எங்கள் வள்ளத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் சுற்றிச் சுற்றி வந்தது. எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். நானா நிறுத்தினார். பக்கத்து வள்ளம் நிறுத்தவில்லை. குட்டி எப்படி வெளியேறியது, வெளியேறியதா என்றுகூட எனக்குத் தெரியாது.

எங்கள் வள்ளத்தில் இருந்த வெளிநாட்டுத் தம்பதியர் பெருமகிழ்ச்சியில் இருந்தனர். வேறொரு நாட்டில் திமிங்கிலம் பார்க்கப் போனார்களாம். அங்கே படகுகள் தூரத்திலேயே நின்றுவிடுமாம், சட்டம் அப்படியாம். "இங்கே எவ்வளவு பக்கத்தில்!" என்று அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். தங்கள் நாட்டில் சட்டத்துக்குக் கட்டுப்படுபவர்கள் எங்கள் கடலுக்கு வரும்போது அந்தக் கட்டுப்பாட்டுக்கும் சேர்த்தே விடுமுறை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். நான் புன்னகைக்கவில்லை. கையை விடுவித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கூட்டத்தை முதலில் கண்டது நாங்கள்தான். நானா துடுப்பை எடுக்கக் குனிந்தார். நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

"எழும்பு, தங்கச்சி."

"மாட்டன்."

"வெளயாடாத. யாரும் கண்டா நம்மளக் கள்ளன் எண்டு சொல்லுவாங்க."

"நேத்து அந்தக் குட்டிய நீங்களும் கண்டிங்கதானே, நானா?"

அவர் என்னையும் துடுப்பையும் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினார். கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவை தாமாகவே வந்தன. வள்ளத்தின் இரு பக்கமும் உரசுவது போலக் கடந்தன; ஒன்று எழும்பிச் சுழன்று விழுந்தது. அவை மூச்சு விடும் சத்தத்தை மூன்று பருவங்களில் முதன்முறையாக அன்றுதான் கேட்டேன்.

தூரத்தில் போன ஒரு வள்ளம் எங்களைக் கண்டுவிட்டது. பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் நானாவைக் கரையிலிருந்த வாடிக்கு அழைத்தார்கள். அது வலையும் எஞ்சினும் வைக்கும் ஓலைக்கொட்டில். வள்ளக்காரர்கள் கூடுவதும் அங்கேதான். அழைக்கப்படாத நானும் போனேன்.

எந்த வள்ளம் எந்த நாளில் ஆட்களை ஏற்றுவது என்ற முறையைத் தீர்மானிக்கும் தலைவர் கதிரையில் இருந்தார். நானாவைத்தான் பார்த்தார்.

"தம்பி, ஒங்கட வாப்பா இந்தக் கரையில ஒரு நாளும் ஒளிச்சதில்ல."

நானா தலை குனிந்தார். நான் பேசினேன்.

"தலைவர், ஒளிச்சது நான். ஒளிச்சது பிழைதான், ஒத்துக்கிறன். ஆனா ஒரு கேள்வி. சூடைய வளைச்சா வலையப் போட்டு அள்ளலாம். இத வளைச்சு என்ன செய்யப் போறீங்க?"

"கறி வெக்கப் போறம்!" என்றார் பின்னாலிருந்து ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"கெம்பஸ் போனா இப்படித்தான். நாளைக்கு மீனுக்கும் லீவு கேப்பா!" என்றார் இன்னொருவர்.

தலைவர் சிரிக்கவில்லை. "இங்க பாருங்க, மகள். எல்லாரும் ஒளிச்சா சின்ன எஞ்சின்காரன் என்ன செய்வான்? கடல் முழுக்கத் தேடி அலையவா?"

அது நியாயமான கேள்வி. இன்றும் அதை நியாயமான கேள்வி என்றே சொல்வேன். அன்று முழுவதும் நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஒளிக்க மாட்டம். நாளையில இருந்து துடுப்பத் தூக்குவம். வாற வள்ளம் தூரத்தில எஞ்சின நிப்பாட்டட்டும். வளைக்க வேணாம்."

"நிப்பாட்டிட்டு ஆக்களுக்கு என்னத்தக் காட்டுற? தண்ணியயா?" என்று கேட்டார் தலைவர்.

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. நான் இனி வள்ளம் ஏறக் கூடாது. நானா பழையபடி மற்ற வள்ளங்களோடு சேர்ந்து வளைக்க வேண்டும். இல்லையென்றால் எங்கள் வள்ளம் முறையில் இல்லை. முறையில் இல்லாத வள்ளத்துக்குக் கரைக்கு வரும் ஆட்களைத் தரமாட்டார்கள். அதைக் கடலில் இறக்கத் தோள் கொடுக்கவும் மாட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் நானாவின் பிள்ளைகள் மூவரையும் நினைத்துக்கொண்டேன். என் பிடிவாதத்தின் விலையை என்னைவிட அவர்கள்தான் அதிகம் சுமப்பார்கள். அதை அறிந்தும் வாயைத் திறந்தவள் நான். அவர் என்னை இறங்கச் சொன்னால் இறங்கிவிடுவது என்றும், கரையில் நின்று இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பது என்றும் முடிவு செய்தேன்.

விடியற்காலை ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு வாசல் படலையில் அவருடைய குரல் கேட்டது.

"தங்கச்சி, இன்னும் படுக்கையா? துடுப்பில குந்த ஆள் வேணும்."

முதல் நாளே எங்களிடம் நேரடியாகச் சொல்லி வைத்திருந்த ஒரு சிங்களக் குடும்பம் சிலாபத்திலிருந்து வந்திருந்தது. துரத்திக்கொண்டு போகமாட்டோம், ஒன்றையும் காணாமலே திரும்பவும் நேரலாம் என்று அவர்களுடைய மொழியிலேயே சொன்னேன். வேண்டுமானால் அடுத்த வள்ளத்தில் போகலாம் என்றும் சொன்னேன். அவர்கள் போகவில்லை. மணலில் வரிசையாக நின்ற வள்ளக்காரர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். ஒருவரும் தள்ள வரவில்லை. அந்தத் தந்தை காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வந்தார். சிலாபம் சந்தையில் மீன் விற்பவரான தாய், செருப்பை வள்ளத்துக்குள் எறிந்துவிட்டு என் பக்கத்தில் தோளைக் கொடுத்தார். "சந்தையில இதைவிடப் பாரமெல்லாம் தள்ளியிருக்கேன், நங்கி" என்று தன் தங்கையிடம் சொல்வது போலச் சிங்களத்தில் சொன்னார். நீண்ட நேரம் எடுத்தது. இரண்டு முறை அலை எங்களைத் திருப்பிக் கரையில் போட்டது. மூன்றாம் முறை இறங்கிவிட்டோம்.

அன்றும் கூட்டத்தை முதலில் கண்டவர்கள் நாங்களே. நானா எஞ்சினை நிறுத்தினார். நான் லைஃப் ஜாக்கெட்டைத் துடுப்பில் கொளுவி, எழுந்து நின்று, கை வலிக்க உயர்த்தினேன். யாரிடமும் ஒளிக்கவில்லை என்பதைக் கரை முழுவதும் காணட்டும் என்று நினைத்தேன். மற்றக் கையை விரித்து, நில்லுங்கள் என்று காட்டினேன்.

முதலில் பாய்ந்து வந்தது தலைவரின் வள்ளம். அவர் எழுந்து நின்று எங்களை ஏசுவது தெரிந்தது. எஞ்சின் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. நானா காதில் கையை வைத்து, கேட்கவில்லை என்று காட்டினார். கோபம் தாங்காமல் தலைவர் தம் எஞ்சினை நிறுத்தினார்.

"வெக்கமில்லயாடா ஒங்களுக்கு..." என்று தொடங்கினார்.

இரண்டு வள்ளங்களுக்கும் இடையில் டொல்பின்கள் எழும்பின. அவருடைய வள்ளத்தில் டொல்பின் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பி, உதட்டில் விரல் வைத்தார்கள்.

அவர் எங்களை முறைத்தபடி வாயை மூடிக்கொண்டார். பின்னால் வந்த வள்ளங்கள் வழக்கம் போல வளைக்கத்தான் பார்த்தன. எங்கள் வள்ளம் இந்தப் பருவமும் முறையில் இல்லை. அன்று நான் துடுப்பைத் தாழ்த்தவில்லை, இன்றும் தாழ்த்துவதில்லை.