மூணு ஷிஃப்ட்டும் ஊற்றிய தண்ணீர்

சுங்குவார்சத்திரத்தில் எங்கள் தெருக்கோடியில் பார்க்குக்கென்று ஒதுக்கிய ஒரு மனை உண்டு. பேர்தான் பார்க். குப்பை, பாட்டில், போகிறவன் வருகிறவனெல்லாம் ஒன்றுக்குப் போகும் ஒரு சுவர். கம்பெனி லைனில் மூணு ஷிஃப்ட்டாக நின்று வேலை பார்க்கும் பெண்கள் நாங்கள், ஒரே வாடகை வீட்டில் குடியிருந்தோம். லீவு நாளில்கூடத் தூங்காமல் அந்த இடத்தைச் சுத்தம் செய்யக் கிளம்பியதற்கு ஒரு கறிவேப்பிலைக் கன்றுதான் காரணம்.

அதை வைத்தவள், எனக்கு முன்னால் என் கட்டிலில் படுத்திருந்த பெண். நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின மாதம் காய்ச்சலில் செத்துப்போனாள். மகளின் பெட்டியை எடுத்துப்போக ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த அவள் அம்மா திரும்பிப் போகவில்லை. மொட்டை மாடியில் பெயிண்ட் டப்பாவில் மகள் வளர்த்த கன்றைப் பார்த்துவிட்டு, "இத விட்டுட்டு எங்கிட்டுப் போவேன்" என்று உட்கார்ந்துவிட்டார். எங்களுக்குச் சமைத்துப் போட ஆரம்பித்தார். தாளிக்கிற கறிவேப்பிலையைக் கடையில்தான் வாங்குவார். இந்தக் கன்றில் ஒரு இலையைக் கிள்ளினால் அன்றைக்கு எங்களுக்குச் சோறு கிடையாது.

டப்பாவுக்குள் வேர் சுற்றிக்கொண்டு கன்று வெளிறியது. தரையில் வைத்தால் பிழைக்கும் என்றார் அம்மா. வாடகை வீட்டில் தரைக்கு எங்கே போவது? அப்படித்தான் பார்க்கில் கை வைத்தோம். பாட்டில் பொறுக்கினோம், முள்ளை வெட்டினோம், நடுவில் குழி தோண்டிக் கன்றை நட்டோம். அக்கம்பக்கத்து வீடுகளில் செம்பருத்திக் குச்சியும் நந்தியாவட்டையும் கொடுத்தார்கள்.

சுவருக்கு வெள்ளையடித்தபின் என்ன வரைவது என்று சண்டை. தேனிக்காரி மயில் என்றாள், தஞ்சாவூர்க்காரி தேர் என்றாள். எதையாவது வரைஞ்சு தொலைங்கடி, வெயில் மண்டையைப் பிளக்குது என்றேன் நான். இறந்துபோனவள் முகத்தையே வரையலாமா என்று ஒருத்தி மெல்லக் கேட்டாள். "வேணாம்த்தா. மழையில அது அழியிறத வேற நான் பாக்கணுமா?" என்றார் அம்மா. கடைசியில் சுவர் முழுக்கச் சிக்குக் கோலம் வரைந்தோம். ஒன்றுக்குப் போக வந்தவர்கள் கோலத்தைப் பார்த்துக் கூசி அடுத்த சந்துக்குப் போனார்கள்.

பார்க்கில் ஒரு சட்டம் போட்டோம், கம்பெனிப் பேச்சே கூடாது. லைனில் இடத்தை விட்டு நகர வேண்டுமானால் எது முடிந்தது, எது பாக்கி என்று அடுத்த ஷிஃப்ட்காரியிடம் ஒப்பித்தாக வேண்டும். அந்த எழவு இங்கேயும் எதற்கு? அவரவர் வருவோம், அவரவர் வேலையைச் செய்துவிட்டுப் போவோம் என்று ஒருத்தி சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்கள்.

நைட் முடித்து வந்தவள், பாவம் அம்மாவின் கன்று என்று ஒரு குடம் ஊற்றினாள். மதியம் வேலைக்குப் போகிறவள் ஒரு குடம். காலை ஷிஃப்ட் முடித்து வந்த நான் ஒரு குடம். அம்மா தன் பங்குக்கு ஒன்று. களிமண், தண்ணீர் இறங்கவே இல்லை. இலை பழுத்தபோது வெயில் தாங்கவில்லை போல என்று இன்னும் கூடுதலாக ஊற்றினோம்.

ஒருநாள் வீட்டு ஓனரம்மா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா இது, சேறா கீது. வேர் அழுகிப் போயிருக்கும்" என்றார். அம்மா குனிந்து தண்டைப் பிடித்தார். இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்துச் சாக்கடை நாற்றம் அடித்தது.

யார் தண்ணி ஊத்துனது என்று அம்மா கேட்டார். நான் ஊத்தினேன், நானும் ஊத்தினேன் என்று ஒவ்வொருத்தியாகச் சொன்னோம். அம்மா திட்டியிருந்தால் தேவலை.

"எம் புள்ளைக்குக் காய்ச்சல் கண்டப்ப ஒருத்தியும் தொட்டுப் பாக்கல" என்றார். "நைட்டு பாத்துட்டு வந்து தூங்குறான்னு இவ நெனச்சாளாம். மதியம் வேலைக்குப் போவான்னு அவ நெனச்சாளாம். ரெண்டு நாளு அப்படியே கெடந்துருக்கா. செடிக்கு மட்டும் எல்லாரும் ஊத்திப்புட்டீக."

எங்கள் வீட்டில் தூங்குகிறவளை எழுப்புவது பெரிய பாவம். எந்த ஷிஃப்ட் முடித்துப் படுத்தாளோ என்று சத்தமில்லாமல் நடப்போம். நல்ல பழக்கம் என்றுதான் எனக்கும் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அடுத்த வாரமே அம்மா மகளின் பெட்டியோடு பஸ் ஏறினார். நான் நீட்டிய பையை வாங்கிக்கொண்டார், முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தால் எதிர்க் கட்டிலில் ஒருத்தி தலை வரை போர்த்திப் படுத்திருந்தாள். உலுக்கி எழுப்பினேன். "இப்பத்தான்டி கண்ணசந்தேன், பைத்தியமா உனக்கு?" என்று கத்தினாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன்.