மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை

"பாப்பாவுக்கு மலையில ஊசி போட்டாகளா, கீழயா தாத்தா?" என்று கேட்டுக்கொண்டே நர்சம்மா கைப்பேசியில் பேத்தியின் பெயரைத் தேடும்போதெல்லாம் நானும் எட்டிப் பார்ப்பேன். பெயர் இருக்கிறது என்று அவர் சொல்லும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்.

நான் சிறுவனாக இருந்தபோது, ஏலக்காய் எடுப்புக்காக மலையடிவாரத்து ராசிங்காபுரத்திலிருந்து போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டுக்குப் போயிருந்தோம். பெரியம்மைக்கு ஊசி குத்துபவர் கூலிக்காரர் வரிசை வீடுகளான லயங்களில் ஒவ்வொன்றாக நுழைந்து பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொண்டு வந்தார். வட்ட ஊசியை என் தோளில் வைத்து முறுக்கினார். தோள் வீங்கிப் பழுத்தது, காய்ச்சலில் பிதற்றினேன். அன்று அம்மாவோடு காட்டில் இருந்த தங்கை தப்பினாள். விடுபட்டவர்களைத் தேடி அவர் மறுபடி வந்தபோது, அவளைக் கூடைக்குள் உட்காரவைத்துச் சாக்கால் மூடினேன்.

"தங்கச்சி எங்கடா அப்பு?"

"ஊருக்குப் போயிருச்சு சார். அங்க எழுதிக்கிருவாக."

கூடை தும்மியது. உடனே நானும் பலமாகத் தும்மினேன்.

"சளி புடிச்சிருக்குடா, வெயில்ல நில்லு" என்றவர், 'கீழே' என்று எழுதிக்கொண்டு போனார்.

அம்மாவிடம், தங்கைக்கும் குத்தியாயிற்று என்றேன். "தழும்பக் காணமே?" என்றாள். சின்னப்பிள்ளை என்று மெதுவாகக் குத்தினார் என்றேன். பழுக்காமல் போனதில் அவளுக்கும் நிம்மதி.

எடுப்பு முடிந்து இறங்கினோம். ஊரில் எழுத வந்தவரிடம் அம்மா, "மலையிலயே குத்தியாச்சுண்ணே. வெரசாக் கெளம்புங்க, சோலி கெடக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். தங்கை என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுவருடம் அவளுக்கு அம்மை கண்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். பொய் சொன்னதற்காகத்தான் மாரியாத்தா வந்திருக்கிறாள், அடுத்தது நான்தான் என்று நடுங்கினேன். ஆனாலும் தங்கை என் கையை விடவில்லை; அவள் பாயிலேயே கிடந்தேன்.

"அண்ணே, கூடைக்குள்ள ஒளிச்சு வையிண்ணே" என்று முனகினாள். சாக்கை எடுத்துவந்து போர்த்திவிட்டேன். அது போதவில்லை.

அவளைப் புதைத்துவிட்டு வந்த பிறகு அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "ஒரே பாயில கெடந்தும் இவன ஆத்தா தொடலயே" என்று அழுதாள். ஆத்தாவுக்கு என்னை மட்டும் ஏன் பிடித்துப்போயிற்று என்று எனக்குப் புரியவில்லை. தோளில் இருந்த தழும்பைச் சொறிந்தபடி அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.