வழி மாறிய நரம்பு

மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டின் சுதந்திரத்துக்கு, முந்திய வருடம், காஜா பெராங்கிலிருந்து டவுனுக்குப் போகும் காலை பஸ்ஸில் ஒருவர் என் பக்கத்தில் உட்காருவார். ஒல்லியான மனிதர். வலது முழங்கைக்குக் கீழே கண்ணாடி கிழித்த தழும்பு. கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கையை இடது விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே வருவார், யார் வீட்டுக் கதவையோ தட்டுவதுபோல.

ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“நரம்பு அறுந்துபோச்சுண்ணே. டாக்டர் அதோட மேலுறையத்தான் தச்சாரு. நரம்பு அதுக்குள்ள தானா வளந்து வரணுமாம். வந்து நிக்குற இடத்துல தட்டுனா சுண்டு விரல்ல சுர்ருங்குது.”

மாதம் போகப் போக, தட்டும் இடம் மணிக்கட்டுப் பக்கம் இறங்கியது. அவரோடு நானும் காத்திருந்தேன்.

சுதந்திரம் வந்து, கடைகளில் கொடிகள் இன்னும் இறக்கப்படாத ஒரு காலையில் தூறல். அவர் சுண்டு விரலை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்தார்.

“ஈரம் தெரியுதாண்ணே?” என்று கேட்டேன்.

“தெரியுது. ஆனா நனையுறது சுண்டு விரலு, குளிருறது மோதிர விரல்ல. உள்ளுக்குள்ள வழி மாறி வந்துட்டுது போல.”

“டாக்டர்கிட்ட சொல்லுங்களேன்.”

“எதுக்குண்ணே? பாவம், இவ்ளோ தூரம் வந்திருக்கு.”

விரலை அவர் உள்ளே இழுக்கவில்லை. இன்றும் தூறலில் கை நீட்டினால், நனைவது எந்த விரலென்று எனக்கு ஒரு கணம் தெரிவதில்லை.