சைனம்பு மாமி சொன்ன சலாம்

நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. நடுவில் திருத்த வேண்டாம். எனக்குக் கைநாட்டுத்தான். ஆனால் என் கதை எங்கே தொடங்கி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

பிறந்தது கொடுமுடிப் பக்கம். வைத்த பெயர் ராசாத்தாள். மழை பொய்த்த வருசம் ஊரை விட்டுப் பீளமேட்டுக்கு வந்து மில்லில் சேர்ந்தேன். ரீலிங்கில் வேலை, நூலைச் சிட்டமாகச் சுற்ற வேண்டும். பக்கத்துக் கொட்டகையில் ஸ்பின்னிங் மிசின்கள் நாள் முழுக்க இரையும். அந்த இரைச்சலுக்கு மேலே கத்தினால்தான் அடுத்து நிற்பவளுக்குக் கேட்கும். கத்திக் கத்தியே என் தொண்டை அப்படி ஆகிவிட்டது. ரகசியம் பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும்.

பஞ்சு பேல் இறக்க லாரியில் வருவார் பஷீர். போத்தனூர்க்காரர். பிடித்தது, கட்டிக்கொண்டேன். கலிமா சொல்லி இஸ்லாத்தில் சேர்ந்தேன், மரியம் என்று பெயர் வைத்தார்கள். யாரும் என்னை மயக்கி இழுத்துக்கொண்டு போகவில்லை. என் காலால் நடந்து போனேன். அதை நல்லா அழுத்தி எழுதுங்க.

அவருடைய அம்மா சைனம்பு. வாசலில் யார் தலை தெரிந்தாலும் வாய் நிறைய சலாம் சொல்லுவார், கீரைக்காரிக்குக்கூட. நான் மில் விட்டு வந்தால் மட்டும், "வந்துட்டியா? அரிசியக் களைஞ்சு போடு" என்பார். அவ்வளவுதான்.

தொழுகையில் கை கால் கழுவுவது, குனிவது, நெற்றியைத் தரையில் வைப்பது எல்லாம் பார்த்தே வந்துவிட்டது. எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று கேட்டதற்கு, "பாலக்காட்டு வண்டி போற பக்கம்" என்றார் என் வீட்டுக்காரர். அதுவும் தீர்ந்தது. ஓதுவதுதான் மலையாக நின்றது. தமிழ் எழுத்தே தெரியாதவள் அரபிக்கு எங்கே போவேன்? அவரைக் கேட்டால் படபடவென்று ஓதிவிட்டு, "இவ்வளவுதான் புள்ள" என்பார். அர்த்தம் கேட்டால் பீடி வாங்கப் போய்விடுவார்.

எங்கள் வீடு பள்ளிவாசல் சுவரை ஒட்டியது. பொழுது சாயும்போது மஃரிபுத் தொழுகையில், முன்னால் நின்று தொழவைக்கிற ஹஜ்ரத், எல்லாத் தொழுகையிலும் வருகிற அல்ஹம்து சூராவைச் சத்தமாக ஓதுவார். அடுப்படி ஜன்னலில் காதை வைத்து நின்றேன். அறுந்த நூலை முடி போட்டு மறுபடி சுற்றுவது என் தொழில். இதிலும் அதையே செய்தேன். நாக்கு எங்கே அறுந்ததோ, அந்த இடத்தை மறுநாள் பொழுது சாய்ந்ததும் பிடித்து முடிந்துகொள்வேன்.

முழுசாக வந்துவிட்டது என்று தோன்றிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொழ நின்றேன். பகல் தொழுகையை வாய்க்குள்தான் ஓத வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் கேட்டதெல்லாம் ஹஜ்ரத்தின் சத்தம்தானே. கையைக் கட்டினேன், மில் தொண்டையைத் திறந்தேன்.

மாமியோடு பேசிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து ஓடி வந்தார்கள். "ஏனுங்க்கா, ஹஜ்ரத்து உங்க ஊட்டுக்குள்ள எப்ப வந்தாருங்க?" என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். மாமிக்கு முகம் சிவந்துவிட்டது.

"மில்லுச் சங்கு கெட்டுது போ! பொம்பளை ஓதுனா பக்கத்துல நிக்கறவளுக்குக் கேக்கப்படாது. அதுலயும் பாதிச் சொல்லு கோணல். நாக்கு அடங்கற வரைக்கும் எங்க வரிசைல நிக்காதே."

"அப்ப எங்கீங்க மாமி நிக்கறது?"

"அடுப்படில நில்லு."

இந்தச் சேதி எப்படியோ எங்கள் ஊருக்கே போய்விட்டது. அண்ணன் ஆறுச்சாமி மில் கேட்டில் வந்து நின்றான். "அர்த்தந் தெரியாம கிளிப்புள்ளையாட்ட ஒப்பிக்கறயாமா. அப்படியும் அவிய உன்னைச் சேத்தலையாமா. போதும், வா ஊட்டுக்கு."

"நம்ம கோயில்ல ஐயரு சொல்ற மந்திரம் உனக்கு வெளங்குச்சாண்ணா? தேங்காமூடிய வாங்கிட்டுத்தானே வந்தே?"

"அது வேற."

"வேற ஒண்ணுமில்ல. பஸ்ஸு போயிரும், கெளம்பு."

போனான். எனக்கும் அழுகை வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் முதுகு மறைந்த பிறகுதான் அழுதேன்.

அன்றிலிருந்து மில்லிலேயே ஓதிப் பழகினேன். அந்த இரைச்சலில் என் கோணலை யார் கேட்கப் போகிறார்கள்? கேட்காவிட்டாலும் எதிர் மிசினில் நின்ற கனகம் கண்டுபிடித்துவிட்டாள். மில்காரிகள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வோம். அவளுக்கு இது எந்தப் பாஷையென்றே பிடிபடவில்லை. "இத்தனை நேரமா யாரைத் திட்டறே? மேஸ்திரியையா?" என்று உதட்டாலேயே கேட்டாள்.

"அல்லாவைக் கூப்புடறேன்."

"இந்தச் சத்தத்துல அவருக்குக் கேக்குமா?"

"எங்கொரலு காதுல உழாமயே உனக்குத் தெரியுதில்ல?"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. உதடு அசைந்தால் போதும். கூப்பாட்டை விட்டுவிட்டு, கனகத்தோடு பேசுகிற மாதிரியே உதட்டால் ஓதிப் பழகினேன்.

ரமலான் வந்தது. நோன்போடுதான் மில்லுக்குப் போனேன். பொழுது சாய்ந்தால் தெருப் பெண்கள் எங்கள் வீட்டில் கூடி, கஞ்சி குடித்து நோன்பு திறப்பார்கள். பிறகு ஜன்னலைத் திறந்து வைத்து, ஹஜ்ரத் ஓதுவதைக் கேட்டு வரிசையாக நின்று தொழுவார்கள். மாமி தினமும் சொல்லுவார்: "தோளோட தோளு ஒட்டி நில்லுங்க. நடுவுல சந்து விட்டா சைத்தான் பூந்துக்குவான்." நான் அடுப்படி நிலைப்படியில் தனியாக நின்று கையைக் கட்டுவேன்.

ஒரு நாள் தொழுகை தொடங்கின பிறகு மாமிக்கு இடப்பக்கம் நின்றவளுடைய குழந்தை கஞ்சிக் கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டு வீறிட்டது. அவள் தொழுகையை விட்டுவிட்டு ஓடினாள். வரிசையில் ஓர் ஆள் அகலத்துக்குச் சந்து. எனக்கு நேர் முன்னால்.

யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடவும் மாட்டார்கள். கட்டின கையோடு முன்னால் போய் நின்று, மாமியின் தோளில் தோளை ஒட்டினேன். மாமி விறைத்தது தெரிந்தது. ஆனால் தொழுகைக்கு நடுவில் வாய் திறக்க முடியுமா, தள்ள முடியுமா? குனிந்தோம், எழுந்தோம், நெற்றியைத் தரையில் வைத்தோம்.

கடைசியில் இரண்டு பக்கமும் முகம் திருப்பிச் சலாம் சொல்லித்தான் தொழுகையை முடிக்க வேண்டும். வலப்பக்கம் சொன்னோம். பிறகு இடப்பக்கம் திரும்பினோம். மாமியின் மூச்சு என் காதோரம் பட்டது. அப்புறம் மெல்ல, "அஸ்ஸலாமு அலைக்கும்."

கீரைக்காரிக்குக் கிடைத்தது எனக்கும் கிடைத்தது.

"உன்னை யாரு வரச் சொன்னது?" என்றார் உடனே.

"சந்து இருந்துச்சுங்க மாமி. சைத்தான் வர்றதுக்குள்ள நான் வந்துட்டேன்."

யாரோ துப்பட்டிக்குள் சிரித்தார்கள்.

"சூரா வருதா?"

"ஓதிக் காட்டட்டுங்களா?"

"வேண்டாந் தாயி! ஊரே கூடிரும்."

மறுநாள் எனக்கென்று யாரும் இடம் விடவில்லை. நானே போய் அதே இடத்தில் நின்றேன். குழந்தைக்காரி மாமியைப் பார்த்தாள். மாமி அவளைப் பார்க்கவில்லை. முழங்கையால் என் விலாவில் ஓர் இடி இடித்தார்.

"ஒட்டி நில்லு புள்ள. சந்து விடாதே."