இறுக்கி அடித்த ரிவிட்

மடக்குக் கத்திக்குப் பிடி மாற்றுவது உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலைதான். தவழுகிற குழந்தை இருக்கும் வீட்டில் அதுவே எழுந்து எழுந்து ஓடுகிற வேலையாகிவிடும். கைக்குழந்தையோடு எந்த வேலையாவது பார்த்த சகோதரிகளுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

என் வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சிலர் தபால்தலை சேர்ப்பார்கள், இவர் மடக்குக் கத்தி சேர்ப்பார். வடலூர்ப் பூசத்துக்கு எல்லாரும் ஜோதி பார்க்கப் போவார்கள். இவர் ஜோதியையும் பார்த்து, கடைத்தெருவில் ஒரு கத்தியும் வாங்கி வருவார். இப்படியே ஒரு பிஸ்கட் டப்பா நிறைந்துவிட்டது. அதில் ஒன்றின் பிடி உடைந்தபோது, கான்வென்ட்டில் மதர் கற்றுக்கொடுத்த வேலை எனக்கு ஞாபகம் வந்தது: கம்பியைக் காய்ச்சி மரத்தில் பூவும் பெயரும் சுடுவது. பலாக்கட்டையில் பிடி செய்து, இவர் பெயரைச் சுட்டுக் கொடுத்தேன். இவர் அதை ஷிஃப்டில் எல்லாருக்கும் காட்டினார். வினை அங்கே ஆரம்பித்தது.

நீளமான பெயர்

முதலில் வந்தவர் பாலசுப்பிரமணியன். பிடியின் நீளம் மூன்று அங்குலம். அதில் அந்தப் பெயரைச் சுட்டால் கடைசி எழுத்து காற்றில்தான் நிற்கும். “பாலு என்று போட்டுவிடட்டுமா?” என்று கேட்டேன். அவர் பதறிப்போனார்.

“பாலுன்னு போட்டா எங்க ஷிஃப்ட்லயே நாலு பேரு சொந்தம் கொண்டாடுவானுங்க. பிடி பத்தலைன்னா கத்திய நீளமாக்குங்கம்மா!”

துரைக்குத் தெரியாத வழக்கம்

கத்தி கொண்டுவருகிறவர்கள் யாரும் அதை என் கையில் தரமாட்டார்கள். கையில் கொடுத்தால் சண்டை வரும். பிடி என் பக்கம் இருக்கும்படி தரையில் வைத்து, இரண்டடி பின்னால் நகர்ந்து, “பாத்தும்மா, கூரா இருக்குது” என்பார்கள். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை. என் மகன் சேகர் பாயில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

மெஷின் பூட்ட வந்திருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் மட்டும் கத்தியை என் கையிலேயே நீட்டிவிட்டார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். கான்வென்ட் இங்கிலீஷில் தட்டுத்தடுமாறிக் காரணம் சொன்னதும், மனிதர் மண்டி போட்டு, கோயிலில் வைப்பதுபோல் தரையில் வைத்தார். பிறகு சொன்னார்:

“இருபது வருஷமாக என் மனைவி கையில்தான் கொடுக்கிறேன். காரணம் இப்போதுதான் தெரிகிறது.”

போஸ்ட் கார்டுத் துண்டு

பிடிக்கும் அலகுக்கும் நடுவே போஸ்ட் கார்டுத் துண்டு ஒன்றைச் செருகி ரிவிட் அடிக்க வேண்டும். அடித்த பிறகு கார்டை உருவிவிட வேண்டும். அந்த மயிரிழை இடைவெளி இருந்தால்தான் கத்தி லேசாகத் திறக்கும். இது இவர் சொல்லிக்கொடுத்தது.

சேகர் தவழ ஆரம்பித்த வாரம், ஒரு கத்தியை எடுத்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். மடங்கிய கத்திதான். ஆனாலும் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். அன்றிலிருந்து யாருக்கும் சொல்லாமல் கார்டை நிறுத்திவிட்டேன். ரிவிட்டின் தலையில் கூட இரண்டு தட்டும் தட்டினேன். குழந்தை விரலுக்குத் திறக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். திறந்து பார்க்க எனக்கே குறடு வேண்டியிருந்தது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா?

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து பலாப்பழம் கொண்டுவரும் அஞ்சலை, இடுப்பில் கத்தி இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டாள். நான் பிடி மாற்றிக் கொடுத்த கத்தியை நகத்தால் இழுத்தாள், பல்லால் இழுத்தாள், கடைசியில் என் முன்னாலேயே தரையில் போட்டாள்.

“இன்னாம்மா இது, கத்தின்னு குடுத்தா பூட்டு பண்ணி வச்சிருக்கிற? சாவி எங்க?”

கோவிந்தராசுவின் துண்டு

அஞ்சலையிடம் சிரித்து மழுப்பிவிட்டேன். அடுத்த வாரம் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்க்கும் கோவிந்தராசு வந்தார். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம், கட்டைவிரலில் கட்டு. கழுத்தில் போட்டிருந்த துண்டின் நுனி ரோலரில் சிக்கி, ஆளையே இழுத்திருக்கிறது. பையிலிருந்து கத்தியை எடுத்துத் திறக்கப் பார்த்திருக்கிறார். நகம் பிய்ந்ததே தவிர கத்தி திறக்கவில்லை. பக்கத்தில் நின்றவர் தன் கத்தியால் துண்டை அறுத்துவிட்டிருக்கிறார். அந்த ஆளும் என்னிடம் பிடி மாற்றிக்கொண்டவராக இருந்திருந்தால்?

கோவிந்தராசு சண்டை போட்டிருந்தால் தேவலை. கத்தியை வழக்கம்போல் தரையில் வைத்து, இரண்டடி நகர்ந்து நின்றார். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன்: குழந்தைக்குப் பயந்து நான்தான் இறுக்கி அடித்தேன் என்று. கட்டில் காலைப் பிடித்து நின்றுகொண்டிருந்த சேகரைச் சற்று நேரம் பார்த்தார்.

“எங்க வூட்லயும் ஒண்ணு தவழ்ந்துகினு இருக்குதும்மா. தொறக்கறா மாதிரி பண்ணிக் குடுங்க.”

டப்பா திறந்திருந்தது

அன்று மாலையே இவரிடம் சொல்லி அழுதேன். இவர் ஷிஃப்ட் ஷிஃப்டாக அலைந்து, நான் தொட்ட கத்திகளையெல்லாம் திரும்ப வாங்கி வந்தார். அஞ்சலையின் கத்தி உட்பட எல்லா ரிவிட்டையும் அறுத்தெடுத்து, கார்டு வைத்துப் புதிதாக அடித்தேன். இவருடைய டப்பாவில் நான் இறுக்கியிருந்தவையும் தப்பவில்லை.

சில மாதங்களில் சேகர் நடக்கவும் நாலு வார்த்தை பேசவும் ஆரம்பித்திருந்தான். ஒருநாள் காலை, பீரோ மேலிருந்து இறக்கிய டப்பாவை மூடாமல் விட்டு, பால் பொங்குகிற சத்தம் கேட்டு அடுப்படிக்கு ஓடினேன். திரும்பி வந்தால், கூடத்தின் நடுவில் நிற்கிறான். கையில் திறந்த கத்தி. நான் லேசாக்கிய கத்தி. கத்தினால் பயந்து விழுவான், பாய்ந்தால் ஓடுவான். அடுப்படி வாசலிலேயே நின்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். கத்தியைப் பார்த்தான். மெல்லக் குந்தி உட்கார்ந்து, பிடி என் பக்கம் இருக்கும்படி தரையில் வைத்தான். எழுந்து இரண்டடி பின்னால் போனான்.

“பாத்தும்மா, கூயா இக்குது.”

இப்போது கத்திகள் எல்லாம் நகம் பட்டாலே திறக்கின்றன, பையன் ஒழுங்காகக் கீழே வைக்கிறான், நான் மட்டும் டப்பாவை பீரோ மேலிருந்து பரணுக்கு ஏற்றிவிட்டேன்.